பத்தேகால் மணிக் குளம்

பளிங்கக்காவுக்கு அந்தப் பட்டம் கிடைத்தது தரையால்தான். முதியோர் இல்லத்தின் ஒன்றாம் அறையிலிருந்து இருபதாம் அறை வரைக்கும் நேராக ஓடும் காரிடாரின் மொசைக் தரையை எட்டு வருஷமாகத் தேய்த்துத் தேய்த்து, குனிந்து பார்த்தால் தலையில் எத்தனை நரை என்று எண்ணிவிடலாம் என்கிற நிலைக்குக் கொண்டுவந்திருந்தாள். அம்மா அப்பாவைச் சேர்க்க வருகிறவர்கள் உள்ளே நுழைந்ததும் முதலில் பார்ப்பது அந்தத் தரையைத்தான். "இடம் சுத்தமா இருக்கே" என்று அவர்கள் சொல்லும்போது, பின்னால் மாப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பளிங்கக்கா ஒன்றும் காதில் விழாதவள் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வாள். உள்ளுக்குள் உச்சி குளிர்ந்து போயிருக்கும்.

அவளிடம் இன்னொரு குணமும் உண்டு. அது குணமா வியாதியா என்று அவள் கணவரைத்தான் கேட்க வேண்டும். ஒரு கறையைப் பார்த்தால் மற்றவர்கள் துடைப்பார்கள். இவள் அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்ட பிறகுதான் துடைப்பாள். ஒருமுறை காரிடாரில் நாலடிக்கு ஒரு சொட்டு வீதம் தேநீர் சிந்திக்கிடந்தது. துணியைத் தோளில் போட்டுக்கொண்டு சொட்டுகளின் பின்னாலேயே போனாள். சர்க்கரை வியாதிக்காரரான பதினாறாம் அறைப் பெரியவர் சமையலறையிலிருந்து இனிப்புத் தேநீரைக் கிளப்பிக்கொண்டு வந்து, கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்தார். கையும் களவுமாகப் பிடித்தவள் பாதியைக் கொட்டிவிட்டு மீதியைக் குடிக்கவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. தெரிந்துகொண்டால் போதும் அவளுக்கு.

வேலையைப் பற்றிச் சும்மா சொல்லக்கூடாது, அவளை மிஞ்ச அங்கே ஆள் கிடையாது. காரிடாரை ஒரேயடியாக ஈரமாக்க மாட்டாள். நீளவாக்கில் பாதியைத் துடைத்து, அது காய்ந்ததா என்று உள்ளங்கையால் தடவிப் பார்த்த பிறகுதான் மறுபாதி. அதுவரை மஞ்சள் பலகை ஈரத்தின் பக்கம் நிற்கும். அறைகள் இருக்கிற பக்கம் சுவரோடு ஒரு கைப்பிடிக் கம்பி ஓடுகிறது. அதைக் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை மருந்துத் தண்ணீரில் துடைப்பாள். சக்கர நாற்காலியோ மருந்து வண்டியோ எதுவானாலும் எதிரே ஜன்னல் பக்கம்தான் நிற்க வேண்டும். கம்பிக்குக் கீழே அழுக்குத்துணிக் கூடையை வைத்த ஒரு நர்ஸுக்கு அவள் கொடுத்த டோஸை அந்தப் பெண் இந்த ஜென்மத்தில் மறக்க மாட்டாள்.

பளபளப்பு மட்டும் அவள் வெளியிலிருந்து கொண்டுவந்தது. இதற்கு முன் ஒரு பெரிய துணிக்கடையில் பத்து வருஷம் தரை துடைத்தாள். அங்கே சூப்பர்வைசருக்கு இருந்தது ஒரே சட்டம்: மேலே எரிகிற விளக்கு கீழேயும் எரிய வேண்டும். மெழுகு பூசி மெஷின் ஓட்டப் பழகியது அங்கேதான். முதியோர் இல்லத்துக்கு வந்தபோது தரை செத்துக் கிடந்ததைப் பார்த்து அவளுக்கே கஷ்டமாக இருந்தது. மேட்ரனை விடாமல் நச்சரித்து ஒரு பாலிஷ் மெஷின் வாங்க வைத்தாள். திங்கட்கிழமை தோறும் மெழுகு. அவள் வீட்டிலோ சொரசொரவென்று சிமெண்ட் தரை. "ஊருக்கெல்லாம் கண்ணாடி, நமக்கு மட்டும் கப்பி ரோடு" என்று வேன் ஓட்டும் அவள் கணவர் கிண்டலடிப்பார்.

இப்படிப்பட்ட காரிடாரில்தான் கண்டக்டரய்யா விழுந்தார். ஒரே மாதத்தில் இரண்டு தடவை, ஒரே இடத்தில்.

கண்டக்டரய்யா மூன்றாம் அறைக்காரர். முப்பது வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவர். அவர் மனைவிக்கு எழுந்து உட்காரவே முடியாது. அதனால் நர்ஸ் அறைக்குப் பக்கத்தில் பத்தொன்பதாம் அறையில் தனியாகப் படுக்க வைத்திருந்தார்கள். காலைச் சாப்பாடு முடிந்து, சவரம் பண்ணி, சட்டையை மாட்டிக்கொண்டு பத்து மணிக்கு அவர் மூன்றாம் அறையிலிருந்து கிளம்புவார். நூற்றறுபது அடி தூரம். பத்தொன்பதாம் அறைக்குப் போய்க் கட்டிலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மத்தியானச் சாப்பாடு வரைக்கும் மனைவியிடம் ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பார். பாதி நாள் அந்தம்மா தூங்கிப் போவாள். அவர் நிறுத்த மாட்டார்.

இரண்டு தடவையும் விழுந்தது பதினோராம் அறைக்கு முன்னால். முதல் தடவை முழங்கை சிராய்த்தது. இரண்டாவது தடவை முட்டி வீங்கிவிட்டது. நடுவில் ஒருநாள் பன்னிரண்டாம் அறை அம்மாவும் அதே இடத்தில் தடுமாறி, வந்த நர்ஸைக் கட்டிப்பிடித்துத் தப்பித்தாள்.

முதியோர் இல்லத்தில் யாராவது விழுந்தால் தரை துடைக்கிறவளைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். இரண்டாவது தடவை அவர் விழுந்த அன்று மேட்ரன் கையில் விபத்து ரிஜிஸ்டரோடு உட்கார்ந்திருந்தாள். காரணம் என்கிற கட்டம் காலியாக இருந்தது.

"பளிங்கக்கா, நிஜத்தைச் சொல்லுங்க. ஈரம் இருந்துச்சா?"

"சத்தியமா இல்ல மேடம். நான் கையால தொட்டுப் பாத்துட்டுதான் பலகையை எடுத்தேன்."

"வழுக்கிச்சா?"

"வழுக்காத மெழுகு மேடம் அது. நானே நடந்து பாத்திருக்கேன்." கொஞ்சம் நிறுத்தினாள். பிறகு, தன் தலை தப்பினால் போதும் என்கிற அவசரத்தில் அதையும் சொன்னாள். "அவரு கம்பியைப் பிடிக்கறதில்ல மேடம். நடுவுல நடக்கறாரு. நான் கண்ணால பாத்தேன்."

அது பொய்யில்லை. ஒருநாள் பதினோராம் அறைக்கு முன்னால் அவர் கம்பியை விட்டுவிட்டு நடுவில் நடப்பதை அவள் பார்த்திருந்தாள். ஓடுகிற பஸ்ஸில் முப்பது வருஷம் கம்பியைப் பிடிக்காமல் நின்றவன் நான் என்று அவரே வருவோர் போவோரிடம் பீற்றிக்கொள்வது எல்லோருக்கும் தெரியும். மேட்ரன் தலையை ஆட்டிக்கொண்டே எழுதினாள். கண்டக்டரய்யாவிடம் கேட்டபோது அவரும் மறுக்கவில்லை. "கால் இடறிடுச்சும்மா, விடுங்க" என்றார்.

வியாழக்கிழமை முடிவு வந்தது. டாக்டரும் மேட்ரனும் பேசி, திங்கட்கிழமையிலிருந்து கண்டக்டரய்யாவுக்குச் சக்கர நாற்காலி என்று தீர்மானித்தார்கள். அதுவரை கூடவே ஒரு ஆயா கையைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். மேட்ரன் அதை அவரிடம் சொன்னபோது பளிங்கக்கா கதவுக்கு வெளியே கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நாற்காலியில எத்தனை மணிக்குக் கூட்டிட்டுப் போவீங்க?" என்று கேட்டார் கண்டக்டரய்யா.

"யாராவது கை ஓய்ஞ்சதும் கூட்டிட்டுப் போவாங்கய்யா."

இருபது அறைக்கு இரண்டு ஆயா. அவர்களுக்குக் கை ஓய்வது எப்போது என்று அங்கே இருந்த மூன்று பேருக்கும் தெரியும். கண்டக்டரய்யா முழங்காலைத் தடவிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார். பளிங்கக்கா 'நம்ம வாயால வந்த வினை' என்று நினைத்தாள். ஆனால் சொன்னது உண்மைதானே என்று இன்னொரு பக்கம் மனசு வாதாடியது.

அங்கேதான் மண்டையைக் குடைய ஆரம்பித்தது. பிடிவாதத்தால் விழுகிற மனுஷன் எங்கே வேண்டுமானாலும் விழலாமே. ஏன் பதினோராம் அறைக்கு முன்னால் மட்டும்?

வெள்ளிக்கிழமை காலை அவள் வேலையை அரைமணி முன்னதாகவே தொடங்கினாள். பதினோராம் அறைக்கு முன்னால் மண்டியிட்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாள். தரை ஓரத்தில் டிஷ்யூ காகிதத்தை ஒட்டிவைத்துப் பார்த்தாள், ஈரம் ஏறவில்லை. மருந்துப் பாட்டில் ஒன்றை உருட்டிவிட்டாள், அது எந்தப் பக்கமும் சரியாமல் நடுவிலேயே நின்றது. கம்பியை ஆட்டினாள், அசையவில்லை. கண்டக்டரய்யாவின் செருப்பை வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். அடியில் ரப்பர் பற்கள் புத்தம் புதிதாக இருந்தன. அந்தச் செருப்பைத் தானே மாட்டிக்கொண்டு அந்த இடத்தில் நாலு தரம் நடந்து, ஒருதரம் வேண்டுமென்றே காலை இழுத்தும் பார்த்தாள். வழுக்கவில்லை.

"செருப்பு திருட வந்தியா?" என்றாள் கலெக்டரம்மா.

கலெக்டரம்மா பத்தாம் அறைக்காரி. அவள் கலெக்டரும் இல்லை, கிளார்க்கும் இல்லை. காலை முதல் மாலை வரை தன் அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து போகிறவர் வருகிறவரையெல்லாம் விசாரணை செய்வதால் வந்த பட்டம். சோடாபுட்டிக் கண்ணாடி, பேச்சு அங்கங்கே தடம் மாறும். அவள் சொல்வதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பளிங்கக்காவும் சிரித்துவிட்டு எழுந்தாள்.

பத்து மணிக்கு கண்டக்டரய்யா ஆயாவோடு கிளம்பினார். பளிங்கக்கா ஒரு கதவைத் துடைக்கிற சாக்கில் நின்று பார்த்தாள். பார்த்ததும் ஆச்சரியமாகிவிட்டது. அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் வந்தார். லேசாகக்கூட இல்லை, விரல்கள் வெளுக்கிற அளவுக்கு இறுக்கமாக. நான்காம் அறை, ஏழாம் அறை, பத்தாம் அறை. பதினோராம் அறை வந்ததும் நின்றார். தரையைப் பார்த்தார். கம்பியிலிருந்து கையை எடுத்தார். ஆயாவையும் இழுத்துக்கொண்டு நடுக் காரிடாருக்கு ஒதுங்கி, நாலைந்து அடி தள்ளாடியபடி சுற்றிப் போய், பன்னிரண்டாம் அறை வரும் முன்பே மறுபடி கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

பிடிவாதக்காரர் நாலு அடிக்கு மட்டுமா பிடிவாதம் பிடிப்பார்? எதையோ சுற்றிப் போகிறார். ஆனால் அங்கே சுற்றிப் போக ஒன்றுமே இல்லை. தரை வெறுமையாக, சுத்தமாக இருந்தது.

"பாத்துப் போகச் சொல்லு," என்று கலெக்டரம்மா குரல் கொடுத்தாள். "குளத்துல கால வச்சுடப் போறாரு."

வேறு நாளாக இருந்தால் பளிங்கக்கா அதைக் காற்றில் விட்டிருப்பாள். ஒரு மாதமாகவே கலெக்டரம்மா குளம், குளம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சின்ன வயசு ஞாபகம் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். இப்போது அந்த வார்த்தை அவளைப் பிடித்து நிறுத்தியது. நாற்காலிக்குப் பக்கத்தில் போய்க் குந்தினாள்.

"எந்தக் குளம்மா?"

"கண்ணு தெரியலையா உனக்கு? இதோ இருக்கே." கலெக்டரம்மா பதினோராம் அறைக்கு முன்னால் கையை நீட்டினாள். "காலையில வரும். சாப்பாட்டு மணி அடிக்கறப்போ போயிடும். எவளோ தண்ணிய ஊத்திட்டுத் தொடைக்காம போறா."

எவளோ என்பவள் அவள் முன்னால்தான் குந்தியிருந்தாள். பளிங்கக்கா எழுந்து போய் அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். எலும்பாகக் காய்ந்திருந்தது.

அன்று சாயங்காலம் வீட்டில் கணவரிடம் இதையே புலம்பினாள். அவர் வேன் சாவியை ஆணியில் மாட்டிக்கொண்டே கேட்டார்.

"மதியானம் ரோட்டுல வண்டி ஓட்டறப்போ முன்னாடி தண்ணி கெடக்கற மாதிரி தெரியும். பாத்திருக்கியா?"

"கானல். அது யாருக்குத்தான் தெரியாது?"

"தெரிஞ்சதாலதான் நான் பிரேக் போடறதில்ல. தெரியாதவன் என்ன பண்ணுவான்?"

பளிங்கக்கா தன் வீட்டுச் சிமெண்ட் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை பத்தேகால் மணிக்கு அவள் கலெக்டரம்மாவைக் கெஞ்சிக் கூத்தாடி, தன் தோளில் சாய்த்து எழுப்பி, எதிரே ஜன்னலோர பெஞ்சில் உட்கார வைத்தாள். அந்த நாற்காலியில் தான் உட்கார்ந்தாள். பிறகு அந்தம்மாவின் கண்ணாடியைக் கேட்டாள்.

"எதுக்கு? நீயே வச்சுக்கவா?"

"அஞ்சு நிமிஷம்மா. உங்க குளத்தைப் பாக்கணும்."

குளம் என்றதும் கலெக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்துவிட்டாள். ஒரு மாதத்தில் அவளிடம் அப்படிக் கேட்ட முதல் ஆள் பளிங்கக்காதான்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கதவுகள், கம்பி, சுவர் எல்லாம் பால் கலந்த மாதிரி மங்கிக் கரைந்திருந்தன. அந்த மங்கலுக்கு நடுவில், பதினோராம் அறைக்கு முன்னால், கம்பியை ஒட்டி ஒரு குளம் கிடந்தது. எதிர் ஜன்னலின் வெயில் மெழுகுத் தரையில் விழுந்து வெள்ளி மாதிரித் தகதகத்தது. அதற்குள் சுவரும் கதவும் தலைகீழாக நின்றன. கரை எது, ஆழம் எவ்வளவு என்று சொல்ல முடியவில்லை. அதில் கால் வைக்க அவளுக்கே மனசு வரவில்லை.

கண்ணாடியைக் கழற்றினாள். குளம் இல்லை. எட்டு வருஷமாக அவள் தேய்த்த தரை இருந்தது. மறுபடி மாட்டினாள். குளம்.

மங்கிப்போன வயசான கண்ணுக்கு இந்தத் தரை இப்படித்தான் தெரிகிறது. ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தாள். மதிலோரம் ஒரு மரத்தின் வெட்டப்பட்ட அடிமரம் இருந்தது. மின்கம்பியில் உரசுகிறது என்று போன மாதம் வெட்டினார்கள். வெட்டிய நாலாம் நாள் கண்டக்டரய்யா முதல் தடவை விழுந்தார். இத்தனை வருஷம் அவளுடைய பளபளப்பை அந்த மரம் மறைத்துக்கொண்டு நின்றிருக்கிறது.

கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நேரே பத்தொன்பதாம் அறைக்குப் போனாள். அந்தம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். கண்டக்டரய்யா கட்டிலோரம் உட்கார்ந்து, ஏதோ ஒரு பஸ் நடுவழியில் நின்றுபோன கதையைத் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஐயா, ஒண்ணு கேக்கணும். பதினோராம் ரூம் முன்னாடி தண்ணி கெடக்கா?"

அவர் கதவைப் பார்த்தார். யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு குரலை இன்னும் இறக்கினார்.

"நான் யார்கிட்டயும் சொல்லலம்மா. பயப்படாத."

"என்னய்யா சொல்றீங்க?"

"இவ்ளோ நீளத்தைத் தினமும் ஒருத்தியே தொடைக்கறே. ஒரு இடத்துல தண்ணி நின்னு போறது சகஜம்தானே. நான் அதைச் சொன்னா உன் வேலைக்கு உலை வச்சிருவாங்க. அதான் கால் இடறிச்சுன்னு சொல்லிட்டேன். என் சர்வீஸ்ல ஒரு டிரைவரையும் நான் போட்டுக் கொடுத்ததில்ல."

பளிங்கக்கா ஆடிப் போனாள். அவளைக் காப்பாற்ற அவர் வாயை மூடிக்கொண்டிருந்தார். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அவள் வாயைத் திறந்திருந்தாள். அவள் சொன்ன வார்த்தையால்தான் நாற்காலி வருகிறது என்று அவருக்குத் தெரியாது. வெட்கம் பிடுங்கித் தின்றது. அவர் முகத்தைப் பார்க்க முடியாமல், நாற்காலியின் காலைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"அது தண்ணி இல்லய்யா. வெயில். தரை பளபளன்னு இருக்கறதால தண்ணி மாதிரித் தெரியுது."

"சரிம்மா," என்றார் அவர், ஒரு கண்ணைச் சிமிட்டி. "வெயில்தான். யாராவது கேட்டா நானும் வெயில்னே சொல்றேன்."

அவள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். நம்பவே இல்லை.

மேட்ரனிடம் போனபோது பளிங்கக்கா சுற்றி வளைக்கவில்லை. "மேடம், அன்னைக்கு நான் பாதி உண்மையைத்தான் சொன்னேன்" என்று ஆரம்பித்தாள். மேட்ரன் முதலில் எரிச்சலாகக் கேட்டாள், பிறகு சந்தேகத்தோடு. கடைசியில் பளிங்கக்கா அவளையும் கையோடு இழுத்துவந்து அந்த நாற்காலியில் உட்கார வைத்துக் கண்ணாடியை மாட்டினாள். வெயில் அப்போது நகர்ந்து பன்னிரண்டாம் அறைப் பக்கம் போயிருந்தது. குளமும் கூடவே போயிருந்தது. மேட்ரன் கண்ணாடியைக் கழற்றி, மறுபடி மாட்டிப் பார்த்தாள்.

"சரி, ஜன்னலுக்கு ஒரு திரை போட்டுடலாம். முடிஞ்சுது."

படுக்கை விரிப்பு ஒன்றை எடுத்து ஜன்னலில் கட்டினார்கள். அங்கே காரிடார் இருண்டது. ஆயா ஒருத்தி எல்லா விளக்கையும் போட்டாள். பளிங்கக்கா கலெக்டரம்மாவிடம் திரும்பினாள்.

"இப்போ குளம் போயிடுச்சாம்மா?"

"போயிடுச்சு," என்றாள் கலெக்டரம்மா. பிறகு கண்ணைச் சுருக்கிக்கொண்டு காரிடாரின் கடைசி வரை பார்த்தாள். "ஆனா வரிசையா சின்னச் சின்னதா தேங்கி நிக்குதே. ஒண்ணு, ரெண்டு, மூணு..."

விளக்குக்கு ஒன்று. மேலே எரிகிற விளக்கு கீழேயும் எரிந்துகொண்டிருந்தது. துணிக்கடை சூப்பர்வைசர் பார்த்திருந்தால் பூரித்துப் போயிருப்பார்.

பளிங்கக்கா விரிப்பை அவிழ்த்தாள். "மெழுகை எடுத்துடறேன் மேடம்."

"அந்த இடத்துல மட்டுமா?"

"அங்க மட்டும் எடுத்தா அது பள்ளம் மாதிரித் தெரியும். மொத்தமா எடுக்கணும்."

மேட்ரன் காரிடாரை ஒருமுறை நீளமாகப் பார்த்தாள். அந்தத் தரையைக் காட்டித்தான் அவளும் இத்தனை பேரைச் சேர்த்திருக்கிறாள். "வர்றவங்கல்லாம் இதத்தான் முதல்ல பாக்கறாங்க, பளிங்கக்கா."

"இங்க நடக்கறவங்க வேற மாதிரிப் பாக்கறாங்க மேடம்."

மேட்ரன் பெருமூச்சு விட்டாள். திங்கட்கிழமை பத்து மணிக்கு ஆயா கையைப் பிடிக்க மாட்டாள், பக்கத்தில் மட்டும் வருவாள், தானும் வந்து பார்ப்பதாகச் சொன்னாள். கண்டக்டரய்யா கம்பியை விடாமல் கடைசி வரை போனால் நாற்காலி வேண்டாம். விட்டுவிட்டால் அன்றைக்கே நாற்காலி. போகிறபோது ரிஜிஸ்டரைத் திறந்து, காரணம் என்கிற கட்டத்தில் எழுதியிருந்ததை அடித்துவிட்டு, 'தரை மெழுகு' என்று எழுதினாள். பளிங்கக்கா அதைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தாள். சுடுதண்ணீரில் மெழுகு நீக்கும் மருந்தைக் கலந்து ஊற்றி, ஊறவிட்டு, நார்ப்பட்டையால் தேய்த்து, வழித்து, இரண்டு முறை அலசினாள். வழக்கம் போல நீளவாக்கில் பாதி, பிறகு பாதி. எட்டு வருஷத்து மெழுகு சாம்பல் நிறத்தில் கூழாகத் திரண்டு வந்து வாளி வாளியாகப் போனது. அதைப் பார்க்க அவளுக்கு அழுகையாகத்தான் வந்தது. இத்தனை வருஷமாகத் தனக்கு இருந்த ஒரே பெருமையைத் தானே வழித்துக் கொட்டுகிறாள். ஆனால் கை நிற்கவில்லை. நாலு மணிக்கு முதுகை நிமிர்த்தியபோது இருபது அறை நீளத்துக்கும் தரை மங்கலாக, சாதாரணமாகக் கிடந்தது. குனிந்து பார்த்தாள். நரை தெரியவில்லை.

சாயங்காலம் யாரையோ பார்க்க வந்த ஒருவர், "என்ன, வர வர சரியா பராமரிக்கறதில்ல போல" என்று கூட வந்தவரிடம் சொல்லிக்கொண்டு போனார். அன்றும் பளிங்கக்கா காதில் விழாதவள் மாதிரித்தான் நின்றாள். உள்ளுக்குள் குளிரவில்லை, அவ்வளவுதான்.

திங்கட்கிழமை பத்து மணி. மேட்ரன் பதின்மூன்றாம் அறை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். காலியான சக்கர நாற்காலி ஒன்று ஜன்னல் பக்கம் தயாராக இருந்தது. பளிங்கக்கா கலெக்டரம்மாவின் நாற்காலிக்குப் பின்னால் மாப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாப்பு காய்ந்திருந்தது. அன்று அவள் இன்னும் தண்ணீரைத் தொடவே இல்லை.

கண்டக்டரய்யா வந்தார். சவரம் பண்ணி, இஸ்திரி போட்ட சட்டை. ஆயா ஒரு அடி தள்ளி வந்தாள். நான்காம் அறை, ஏழாம் அறை. முட்டி வீக்கத்தில் ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் நின்று நின்று வந்தார். பத்தாம் அறை. ஜன்னல் வெயில் வழக்கமான இடத்தில் விழுந்திருந்தது. விழுந்த இடம் கொஞ்சம் வெளிச்சமாக இருந்தது, அதற்கு மேல் ஒன்றுமில்லை.

பதினோராம் அறைக்கு முன்னால் அவர் நின்றார். தரையைப் பார்த்தார். கம்பியின் மேல் அவர் விரல்கள் தளர்ந்தன. வலது காலை ஒரு முழம் முன்னால் நீட்டி, செருப்பு நுனியால் வெயிலைத் தொட்டுப் பார்த்தார். இன்னொரு தரம் தொட்டார். பிறகு விரல்கள் மறுபடி கம்பியை இறுக்கிக்கொண்டன. நேராக நடந்தார். வெயிலுக்குள் நுழைந்து, வெயிலைத் தாண்டி, கம்பியை விடாமல் போனார்.

"குளம் வத்திப் போச்சு," என்றாள் கலெக்டரம்மா, யாரிடமும் இல்லாமல்.

மேட்ரன் கட்டிய கையை அவிழ்த்தாள். சக்கர நாற்காலியைத் தானே தள்ளிக்கொண்டு ஸ்டோர் ரூம் பக்கம் போனாள்.

கண்டக்டரய்யா பன்னிரண்டாம் அறை தாண்டியதும் கம்பியைப் பிடித்தபடியே திரும்பிப் பார்த்து, பளிங்கக்காவைத் தலையசைத்துக் கூப்பிட்டார். அவள் ஓடிப் போனாள். ஆயாவுக்குக் கேட்காமல் அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இன்னைக்குத்தாம்மா நீ ஒழுங்காத் தொடச்சிருக்கே."

எட்டு வருஷம். நரை எண்ணக்கூடிய தரை. எத்தனை பேருடைய வாயால் கேட்ட பாராட்டு. அத்தனையும் பளிங்கக்காவின் நாக்கு நுனி வரை வந்தது. அவர் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்தாள். பத்தொன்பதாம் அறைக்கு இன்னும் எழுபது அடி இருந்தது, அந்தம்மா இன்னும் தூங்கியிருக்க மாட்டாள்.

"ஆமாய்யா," என்றாள். "இத்தனை நாளா தண்ணிய விட்டுட்டேன். மன்னிச்சுக்குங்க."

"பரவால்லம்மா," என்றார் கண்டக்டரய்யா. கம்பியைப் பிடித்துக்கொண்டு மிச்ச தூரத்தை நடந்தார்.